குரங்கு பிடிக்கப் போய்

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும் என்பார்கள்.
எனக்கு நேர்மாறு.
குரங்குக்குத்தான் வரைந்தேன்.
பஞ்சு திணித்து முடித்ததும்
தொப்பையும் தொங்கும் மூக்குமாய்
சமையலறை மேசையில் சம்மணமிட்டிருந்தார்
வேறொருவர்.

தட்டையான தாளுக்கு
உருண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது.
வீட்பிக்ஸ் பெட்டிகளைப் பிரித்து
உள்பக்கத்தில் வரைகிறேன்:
இரண்டு விலா, ஒரு வயிறு,
மூக்கு நுனியிலிருந்து பிடரிவரை ஓடும் ஒற்றைப் பட்டை.
முகம் முழுக்க அந்தப் பட்டையின் கையில்.
மெலிந்தால் மீன்.
அகன்றால் என் மாமனார்.

சாட்ஸ்வர்த்தில் மாதிரிகளுக்குப் பஞ்சமில்லை.
காலை ஏழரைக்கு சில்வர்கிளென் காட்டிலிருந்து
சுவர் மேல் வரிசையாய் வருவார்கள்.
குப்பைப் பையைக் கிழிப்பவன்,
ரொட்டியோடு ஓடுபவன்,
குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு
கூரைக்குக் கூரை தாவுபவள்.
ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நான், நோட்டோடு.
உட்காரும்போது தொடை எங்கே மடிகிறது?
தோள் ஏன் காதுக்கு அவ்வளவு பக்கத்தில்?
அடுத்த வீட்டு லோகநாதன்
கவணில் கல்லை வைத்தபடி நிற்கிறார்.
அளவெடுத்து முடிக்கும்வரை பொறுங்கள் என்றேன்.

சந்தையில் கடை போடும் நொக்வாசி
ஈஸ்டருக்குள் இருபது கேட்டிருக்கிறாள்.
இன்காவு, இன்காவு என்று
மூன்றாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
ஆணா?
ஆண்தான்.
அப்படியானால் நீலம் எங்கே?
இயற்கை அவனுக்குக் கொடுத்த நீலத்தைக்
குழந்தைகளுக்கு விற்க முடியாது என்றேன்.
சிரித்து அடங்கக் கால் மணி நேரம்.
சீட்டில் பெண் என்று எழுதினோம்.

ஐந்தாவதுக்கு இரண்டும் இடது கை.
அட்டையைப் புரட்டிப் போட்டு வெட்ட மறந்துவிட்டேன்.
ஜேக்கப்ஸ் தொழிற்சாலையில்
பதினோரு வருடம் காலர் வெட்டியவள் நான்.
இதை யாருக்கும் சொல்லவில்லை.

மின்சாரம் போன இரவில்
போன் வெளிச்சத்தில் கையால் தைத்தேன் ஏழாவதை.
கடைசிக் கண்ணை முடிச்சிட்டபோது
அது என்னைப் பார்த்தது.
பொத்தான் பார்ப்பது போலல்ல.
ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

துவைத்தால் சுருங்குமா என்று தெரிய வேண்டும்.
வாலில் கிளிப் மாட்டிக்
கொடியில் தலைகீழாய்த் தொங்கவிட்டேன்.
தேநீர் ஆறுவதற்குள்
ஒருத்தி சுவரிலிருந்து இறங்கினாள்.
தலையைச் சாய்த்து யோசித்தாள்.
கிளிப்பை அழுத்தித் திறந்தாள்
(என் மகனுக்கு அது ஐந்து வயதில்தான் வந்தது).
ஆவகாடோ மரத்தின் இரண்டாம் கவட்டையில்
மடியில் போட்டுக்கொண்டு
பேன் பார்த்தாள்.

வெகு நேரம் பார்த்தாள்.

பேன் இல்லாத குரங்கு
யாருக்குத்தான் நம்பிக்கை தரும்?
புரட்டினாள். தையலைத் தேடினாள். இழுத்தாள்.
கவணோடு ஓடிவந்த லோகநாதன் கையைப் பிடித்தேன்:
இன்னும் வாலைப் பார்க்கவில்லை அவள்.

வால் தாங்கியது.
கழுத்தும்.
கண்ணுக்குத் தெரியாமல் நான் மூடிய
முதுகு வாய்கூடத் தாங்கியது.
இடது அக்குளில் பிரிந்தது.
வளைவு படியட்டும் என்று
கத்தரி முனையைத் தையலுக்கு மிக அருகே கொண்டுபோன இடம்.
எனக்குத் தெரியும்.
தெரிந்தே விட்ட இடம்.

லோகநாதன் காரின் மேல் பஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது.
நான் பென்சிலைத் தேடினேன்.

ஜிப்பாவின் அக்குளில் வைப்பார்களே,
அந்தச் சாய்சதுரத் துண்டு.
கட்டைவிரல் அகலத்தில் வரைந்து
அட்டையில் எழுதினேன்:
துண்டு ஒன்பது. இரண்டு வெட்டவும்.

மறுநாள் ஏழு மணிக்கே
எட்டாவதைக் கொடியில் போட்டேன்,
துவைக்காமல்.